வார்டில் எழும் கேள்வியிலிருந்து ஆய்வேடு வரை: எம்.எஸ்சி. நர்சிங் மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பு 1946ஆம் ஆண்டு தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் முதுநிலை படிக்கும் ஒவ்வொரு செவிலியரும் ஓர் ஆய்வேட்டை எழுதி முடித்தாக வேண்டும். ஆனால் பல கல்லூரிகளில் அந்த ஆய்வேடு சீனியரின் தலைப்பை எடுத்து, நோயையும் ஊரையும் மாற்றி எழுதும் சடங்காகச் சுருங்கிவிட்டது. உங்கள் வார்டில் நீங்கள் அன்றாடம் பார்க்கும் ஒரு விஷயத்தைக் கேள்வியாக்கி, அதை ஒழுங்காக அளந்து, பதிலை மறுபடி அந்த வார்டுக்கே கொண்டு சேர்ப்பது எப்படி என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, கையில் போடும் வென்ஃப்ளானையே (மருந்து ஏற்றச் சிரையில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) முதலிலிருந்து கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தலைப்பைத் தேடாமல் கேள்வியைத் தேடுங்கள்

நெறியாளர் தலைப்பு கேட்டதும் நூலகத்துக்கு ஓடாதீர்கள். ஒரு வாரம் டியூட்டியின்போது ஒரு சிறு நோட்டை வைத்துக்கொண்டு, ‘இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?’ என்று தோன்றும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். மெடிக்கல் வார்டில் நிச்சயம் காதில் விழும் ஒரு வாக்கியம் உண்டு: “வென்ஃப்ளான் போட்டு மூணு நாள் ஆச்சு, மாத்திடுங்க.” கை நன்றாக இருக்கும், மருந்து தடையின்றி ஏறிக்கொண்டிருக்கும், நோயாளிக்கு வலியும் இருக்காது. ஆனாலும் மாற்றுகிறோம். ஏன்?

இதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிளேர் ரிக்கார்டு என்ற செவிலியப் பேராசிரியர் தலைமையில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 3,283 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் (சீட்டுக் குலுக்குவதுபோல்) இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மூன்றாம் நாள் வழக்கம்போல மாற்றினார்கள். மற்றவர்களுக்குத் தேவை ஏற்பட்டபோது மட்டும் மாற்றினார்கள். சிரை அழற்சி (ஊசி போட்ட சிரை வலித்து, சிவந்து, வீங்குவது) இரு பிரிவிலும் ஏறத்தாழ 7 சதவீதமாகவே இருந்தது. 2012ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளியான அந்த முடிவு பல நாடுகளின் நடைமுறையையே மாற்றியது. கேள்வி பிறந்தது ஒரு செவிலியரின் கைவேலையில் என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு நேர்மாறாக, நம் நூலக அலமாரிகளில் மிக அதிகமாகக் கிடைப்பது ‘இன்ன நோய் பற்றிய அறிவில் கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பயன்திறன்’ என்ற வகை ஆய்வேடு. முப்பது கேள்விகள் கொடுத்து மதிப்பெண் எடுக்கிறோம். அந்தக் கேள்விகளுக்கான பதில்களையே பாடமாக நடத்துகிறோம். ஏழாம் நாள் அதே கேள்விகளை மீண்டும் கொடுக்கிறோம். மதிப்பெண் கூடாமல் என்ன செய்யும்? ஒப்பிடுவதற்கு வேறு குழுவும் இல்லை. ஆகவே முடிவு எப்போதும் ‘புள்ளியியல்படி முக்கியத்துவம் வாய்ந்தது’ என்றே வருகிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்த ஒன்றை ஆய்வு என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. கற்பித்தலைத்தான் ஆராய வேண்டுமென்றால், அறிவை அளப்பதோடு நிற்காமல் செயலை அளந்து பாருங்கள்: தாய் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சரியான அளவு தண்ணீரில் கலக்குகிறாரா, சர்க்கரை நோயாளி இன்சுலினைச் சரியான இடத்தில் போடுகிறாரா என்று நேரில் பாருங்கள்.

கிடைத்த கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அதில் யாரிடம், எதைச் செய்து, எதனோடு ஒப்பிட்டு, எதை அளக்கிறோம் என்ற நான்கும் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது இப்படி அமையும்: மெடிக்கல் வார்டில் சேரும் பெரியவர்களில், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஊசி போட்ட இடத்தை மதிப்பெண் அட்டை கொண்டு பரிசோதிப்பது, இப்போதுள்ள வழக்கத்தோடு ஒப்பிடுகையில், சிரை அழற்சியைக் குறைக்கிறதா?

படி 2: முன்பு யார் என்ன செய்தார்கள்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட் இலவசம், அதிலிருந்து தொடங்குங்கள். முழு வாக்கியமாகத் தட்டச்சு செய்யாமல், கேள்வியின் ஒவ்வொரு கூறுக்கும் ஒத்த சொற்களைப் பட்டியலிட்டு, அவற்றை ‘அல்லது’ (OR) என்ற இணைப்பாலும், கூறுகளை ஒன்றோடொன்று ‘மற்றும்’ (AND) என்ற இணைப்பாலும் சேர்த்துத் தேட வேண்டும். அந்தத் தளத்துக்கெனத் தனிச் சொற்களஞ்சியம் (MeSH) ஒன்று உண்டு. அதில் உங்கள் பொருளுக்கு என்ன தலைச்சொல் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் தங்கள் நிறுவனம் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இருந்தால் கட்டணம் கேட்கும் பல இதழ்கள் திறக்கும்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மின்னணுக் களஞ்சியத்தில் முந்தைய ஆய்வேடுகளும், சோத்கங்கா என்ற தேசிய இணையக் களஞ்சியத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் கிடைக்கின்றன. அவற்றைப் படியுங்கள், ஆனால் அவற்றில் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளை மூலத்தைத் திறந்து பார்க்காமல் எடுத்தாளாதீர்கள். ஒரு முறை என் மாணவி ஒருவர் காட்டிய ஒரு சதவீதத்தின் மூலத்தைத் தேடிப் போனோம். நான்கு ஆய்வேடுகள் ஒன்றையொன்று பார்த்து அதை எழுதியிருந்தன. முதல் கட்டுரையிலோ அந்த எண்ணே இல்லை.

படி 3: ஆய்வு வடிவமும் மாதிரி அளவும்

சமவாய்ப்பு முறையில் ஒதுக்குவதே சிறந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் எடுத்துக்காட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வார்டில் 5ஆம் படுக்கைக்கு மட்டும் கையைப் பார்த்துவிட்டு 6ஆம் படுக்கையைப் பார்க்காமல் போங்கள் என்று எந்த ஸ்டாஃப் நர்ஸிடமும் சொல்ல முடியாது, சொன்னாலும் நடக்காது. பழகிய கண் இரண்டு கையையும் பார்த்துவிடும், குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு கரைந்துவிடும். இரண்டு வார்டுகளை எடுத்து ஒன்றில் செய்து மற்றதில் செய்யாமல் விட்டால், வேறுபாடு அட்டையால் வந்ததா அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டரால் வந்ததா என்று பிரிக்க முடியாது. முதல் எட்டு வாரம் வழக்கப்படி விட்டு, அடுத்த எட்டு வாரம் அட்டையைப் பயன்படுத்தும் முன்–பின் ஒப்பீடு ஒரு வழி. ஆனால் இடையில் மழைக்காலமும் டெங்குவும் வந்துவிட்டால் நோயாளிகளே மாறிவிடுவார்கள். குறையில்லாத வடிவம் கிடையாது. எந்தக் குறையை ஏற்கிறீர்கள், ஏன் ஏற்கிறீர்கள் என்பதைச் சினாப்சிஸிலேயே (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதிவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) பாதிக் கேள்விகள் எழாது.

அடுத்தது, அறுபது என்னும் அந்த மாய எண். சோதனைக் குழுவுக்கு 30, கட்டுப்பாட்டுக் குழுவுக்கு 30 என்பது நம் துறையில் வேதவாக்காகவே ஆகிவிட்டது. கணக்கிட்டுப் பார்ப்போம். இப்போது 40 சதவீத நோயாளிகளுக்கு ஊசி இடத்தில் அழற்சி வருவதாகவும், அதை 20 சதவீதமாகக் குறைக்க முடியும் என்றும் வைத்துக்கொள்வோம். வழக்கமான 5 சதவீத முதல் வகைப் பிழையோடும் (இல்லாத வேறுபாட்டை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு) 80 சதவீதத் திறனோடும் (உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) இந்த வேறுபாட்டைக் கண்டறிய ஒவ்வொரு குழுவிலும் 79 பேர் வேண்டும். 10 சதவீதத்தினர் இடையில் விலகக்கூடும் என்று சேர்த்தால் 88 பேர். முப்பது பேரை வைத்துக்கொண்டு கண்டறியக்கூடிய வேறுபாடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் தெரியுமா? 40 சதவீதம் 10 சதவீதமாக விழ வேண்டும். செவிலியப் பணியில் ஒரு சிறு மாற்றத்தால் அவ்வளவு பெரிய விளைவு கிடைப்பது அரிது.

ஒரு நிலையின் பரவலை மட்டும் அளக்கும் விவரண ஆய்வுக்குக் கணக்கு எளிது. 1.96இன் வர்க்கத்தை, எதிர்பார்க்கும் விகிதத்தாலும் ஒன்றிலிருந்து அதைக் கழித்து வருவதாலும் பெருக்கி, ஏற்கும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விகிதம் 30 சதவீதம், பிழை 5 சதவீதம் என்றால் 323 பேர் வருகிறது. பிழையை 10 சதவீதமாகத் தளர்த்தினால் 81 பேர் போதும், ஆனால் உண்மை விகிதம் 20 முதல் 40 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் உங்களால் சொல்ல முடியும்.

இன்னொன்று: ஒரு நோயாளிக்கு ஒரே சேர்க்கையில் மூன்று வென்ஃப்ளான் போடப்படலாம். 22 நோயாளிகளின் 60 வென்ஃப்ளான்கள் 60 மாதிரிகள் ஆகிவிடாது. மெலிந்த சிரையுள்ள ஒரு பாட்டியின் மூன்று ஊசிகளும் ஒன்றுபோலவே கெடும். முதல் வென்ஃப்ளானை மட்டும் கணக்கில் எடுப்பது முதுநிலை ஆய்வுக்கு எளிய தீர்வு.

படி 4: அளக்கும் கருவி

அதிக நாட்கள் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஏற்கெனவே சோதிக்கப்பட்ட கருவி இருந்தால் புதிதாகச் செய்யாதீர்கள். படுக்கைப் புண் அபாயத்துக்கு 1987ஆம் ஆண்டு வெளியான பிரேடன் அளவுகோல் இருக்கிறது. அதன் ஆறு கூறுகளும் சேர்ந்து 6 முதல் 23 வரை மதிப்பெண் தரும். நம் எடுத்துக்காட்டுக்கு ஆண்ட்ரூ ஜாக்சன் 1998இல் வெளியிட்ட, 0 முதல் 5 வரை செல்லும் சிரை அழற்சி மதிப்பெண் முறை பொருந்தும். இடம் நன்றாக இருந்தால் 0. லேசான வலி அல்லது லேசான சிவப்பு இருந்தால் 1. வலி, சிவப்பு, வீக்கம் ஆகியவற்றில் இரண்டு இருந்தால் 2, அப்போதே ஊசியை மாற்ற வேண்டும். அதற்கு மேல் தோல் கெட்டிப்படுவது, சிரை கயிறு போல் தட்டுப்படுவது, காய்ச்சல் என்று ஏறிக்கொண்டே போகும்.

தாளில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. நம் வார்டில் வைத்துப் பார்த்தால்தான் தொல்லை தெரியும். கருத்த தோலில் லேசான சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. இரவு ஷிஃப்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் இன்னும் மோசம். அதனால் மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, விரலின் புறப்பக்கத்தால் சூட்டை உணர்வது, மெல்ல அழுத்தி நோயாளியின் முகத்தைக் கவனிப்பது ஆகியவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று நடைமுறைக் குறிப்பாக எழுதி, எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும். பிளாஸ்டர் ஒளிபுகாததாக இருந்தால் அதைப் பிரித்துப் பார்ப்பதா வேண்டாமா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

பிறகு இரண்டு செவிலியர்கள் ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் ஒரே கைகளுக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும். 50 கைகளில் இருவரும் ‘அழற்சி உண்டு’ என்றது 8, ‘இல்லை’ என்றது 35, ஒருவர் மட்டும் உண்டு என்றது 7 (முதலாமவர் 4, இரண்டாமவர் 3) என்று வைத்துக்கொள்வோம். ஒத்துப்போனது 86 சதவீதம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கைகள் நன்றாகவே இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் கணிசமாக ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் காப்பா இங்கே 0.60 மட்டுமே. இன்னும் பயிற்சி தேவை என்று அர்த்தம்.

வினாத்தாள் என்றால் மொழிபெயர்ப்பு வரும். ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மீட்டு, இரண்டையும் ஒப்பிடுவது வழக்கமான முறை. அது தேவைதான், ஆனால் போதாது. ‘சிரை’ என்ற சொல்லை நோயாளி கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவருக்கு அது ‘நரம்பு’. ஆனால் மரத்துப்போவதும் சுண்டி இழுப்பதும் கூட அவருக்கு நரம்புதான். “நரம்புல வலி இருக்கா?” என்று கேட்டால் முதுகுவலிக்காரரும் ஆம் என்பார். “ஊசி போட்டிருக்கிற இடத்துல, அதைச் சுத்தி, மேல ஏறுற பக்கம் வலிக்குதா?” என்று விரலால் காட்டிக் கேட்க வேண்டும். வலியிலும் எரியுது, கடுக்குது, குத்துது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது என்பவை வேறு வேறு. எல்லாவற்றையும் ‘வலி’ என்ற ஒரே பெட்டியில் போட்டால் நோயாளி சொன்னதைத் தொலைத்துவிடுவோம். 0 முதல் 10 வரையிலான எண் அளவுகோலில் எனக்கு மறக்க முடியாத அனுபவம் ஒன்று உண்டு. பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதும், அறுவை சிகிச்சை முடிந்து நன்றாகத் தேறிவந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே “பத்துக்குப் பத்து சிஸ்டர்” என்றார். அவர் எங்கள் வார்டுக்கு மார்க் போட்டிருந்தார்.

ஆகவே சொல் பரிசோதனை செய்யுங்கள். ஏழெட்டு நோயாளிகளிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, “நான் என்ன கேட்கிறேன் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். நிபுணர்களிடம் கருவியைக் கொடுத்து உள்ளடக்க ஏற்புடைமை (ஒவ்வொரு கேள்வியும் அளக்க நினைத்ததற்குப் பொருத்தமா என்ற மதிப்பீடு) வாங்குவது அதன் பிறகு. ஆறு முதல் பத்து நிபுணர்கள் இருந்தால் ஒவ்வொரு கூறுக்கும் 0.78க்குக் குறையாத குறியீடு எதிர்பார்க்கப்படுகிறது. ‘கருவி நன்றாக உள்ளது’ என்று கையெழுத்துப் போட்டுத் தரும் ஐந்து கடிதங்களுக்கு மதிப்பில்லை.

படி 5: நெறிமுறைக் குழுவும் ஒப்புதலும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் மாணவர் ஆய்வுக்கும் பொருந்தும். என் ஆய்வில் அபாயம் இல்லை, அனுமதி தேவையில்லை என்று நீங்களோ நெறியாளரோ முடிவு செய்ய முடியாது. விலக்கு அளிப்பதும் விரைவு ஆய்வுக்கு எடுப்பதும் குழுவின் வேலை. பைலட் ஸ்டடிக்கு (சிறிய முன்னோட்ட ஆய்வு) முன்பே அனுமதி கையில் இருக்க வேண்டும். நோயாளிகளுக்கு ஏதேனும் தலையீடு செய்யும் ஆய்வு என்றால், அது மசாஜோ மூச்சுப் பயிற்சியோ ஆனாலும், இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் 2018 ஏப்ரல் முதல், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன் வந்த பதிவுகளை மட்டுமே ஏற்கிறார்கள். தரவு திரட்டி முடித்தபின் பதிவு எண்ணைத் தேடி அலைந்து, பிறகு எந்த நல்ல இதழும் ஏற்காமல் போன ஆய்வுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒப்புதல் படிவம் தமிழில், நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வில் தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் முழுவதும் வாசித்துக் காட்டிக் கைரேகை பெற வேண்டும். வெள்ளைக் கோட்டுடன் நீங்கள் கேட்டால் அவர் “நீங்க சொன்னா சரிங்க சிஸ்டர்” என்பார். அது மரியாதை; ஒப்புதல் அல்ல. மறுத்தாலும் மருந்தும் படுக்கையும் கவனிப்பும் மாறாது என்பதை வாயால் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் கழித்து வந்து திரும்பவும் கேளுங்கள்.

படி 6: தரவு திரட்டும் வாரங்கள்

பைலட் ஸ்டடியின் நோக்கம் முடிவைக் காட்டுவது அல்ல, வேலை நடக்குமா என்று பார்ப்பது. ஒரு கைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் படிவம் எங்கே தொலைகிறது, டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியை எப்படிப் பிடிப்பது என்பவற்றைப் பாருங்கள். அதில் சேர்ந்தவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்கக் கூடாது.

முதன்மை ஆய்வில் தகுதியுள்ள நோயாளிகள் எத்தனை பேர், மறுத்தவர்கள் எத்தனை பேர், இடையில் வேறு மருத்துவமனைக்குச் சென்றவர்கள் எத்தனை பேர் என்று அன்றன்றே ஒரு பதிவேட்டில் குறியுங்கள். கடைசியில் நினைவிலிருந்து எழுத முடியாது. பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போட்டு, பெயரும் எண்ணும் சேர்ந்த தாளைத் தனியே பூட்டி வையுங்கள். விடுபட்ட கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். மாலையில் ஹாஸ்டலில் உட்கார்ந்து ‘இருந்திருக்கும்’ என்று நிரப்பும் ஒவ்வொரு எண்ணும் பொய்யான தரவு. இதை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், இது நடக்கிறது என்பதுதான்.

படி 7: பகுப்பாய்வு

புள்ளியியலாளரை முடிவில் அல்ல, சினாப்சிஸ் எழுதும்போதே பாருங்கள். இரு குழுக்களின் விகிதங்களை ஒப்பிடக் கை-வர்க்கச் (chi-square) சோதனை, சராசரிகளை ஒப்பிட டி-சோதனை என்பவை உங்களுக்குத் தெரிந்தவையே. பி-மதிப்பை (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு) மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். வேறுபாடு எவ்வளவு, அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மை வேறுபாடு இருக்கக்கூடிய எல்லை) எது என்பதுதான் வார்டுக்குத் தேவை. வயது, மதம், கல்வி, வருமானம், உணவுப் பழக்கம் என்று பத்துப் பதினைந்து மாறிகளோடு ‘தொடர்பு’ தேடும் அட்டவணை நம் ஆய்வேடுகளில் கட்டாயம் போல் ஆகிவிட்டது. இருபது சோதனை செய்தால் ஒன்றாவது தற்செயலாகவே 0.05க்குக் கீழே வர நல்ல வாய்ப்பு உண்டு. வென்ஃப்ளான் அழற்சிக்கும் நோயாளியின் மதத்துக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

படி 8: எழுத்தும் வைவாவும்

முறையியல் இயலைத் தரவு திரட்டும்போதே எழுதிவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனைக்கு உரியதல்ல. அதற்கு மேல் 40 வரை திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இந்தச் சதவீதம் ஒரு மென்பொருள் எண்ணும் எண்தான். சொற்களை மாற்றிப்போட்டு அதிலிருந்து தப்பிக்கலாம், ஆனால் வைவாவில் “இந்தப் பத்தியை விளக்குங்கள்” என்று கேட்டால் தப்பிக்க முடியாது. புறத் தேர்வாளர் பெரும்பாலும் கேட்பது மூன்று: ஏன் இந்த எண்ணிக்கை, ஏன் இந்தக் கருவி, முடிவு எதிர்பாராததாக இருந்தால் ஏன் அப்படி வந்தது. வேறுபாடு கிடைக்கவில்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். ரிக்கார்டின் ஆய்விலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை, அந்த ‘இல்லை’தான் லட்சக்கணக்கான ஊசிக் குத்தல்களைத் தேவையற்றதாக்கியது.

படி 9: வெளியீடும் வார்டும்

‘மூன்றே நாளில் வெளியிடுகிறோம்’ என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். மானியக் குழு தன் கேர் (CARE) பட்டியலை, அதாவது ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலை, 2025இல் கைவிட்டுவிட்டதால், இதழை மதிப்பிடும் பொறுப்பு உங்களுக்கும் கல்லூரிக்கும் வந்துவிட்டது: ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தத் துறையினரா, அதன் கட்டுரைகள் பப்மெட்டில் வருகின்றனவா, மதிப்பீட்டாளர் கருத்துகளைத் தருகிறார்களா என்று பாருங்கள். தலையீடு செய்யாமல் கவனித்து மட்டும் பதியும் ஆய்வுக்கு ஸ்ட்ரோப், சமவாய்ப்புச் சோதனைக்குக் கன்சார்ட் என்ற சரிபார்ப்புப் பட்டியல்களை நிரப்பி அனுப்பினால் திருப்பி வரும் வாய்ப்பு குறையும்.

கடைசியாக, இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஒரு பக்கத் தாள். அதில் எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை கைகள் கெட்டன, எந்த ஷிஃப்டில் அதிகம் தவறவிட்டோம், மதிப்பெண் 2 வந்தால் யார் ஊசியை எடுக்க வேண்டும் என்று தமிழில் எழுதுங்கள். மதிப்பெண் அட்டையை லேமினேட் செய்து, கையைப் பார்க்கும்போது கண்ணில் படும்படி இன்ஜெக்‌ஷன் ட்ராலியின் மேல் தட்டில் ஒட்டிவிட்டு வாருங்கள்.